உப்புக் காற்றும் இரண்டு ஜன்னல்களும்

(சென்னை மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பிளாஸ்டிக் ஜன்னலா, அலுமினிய ஜன்னலா, அதிக நாள் உழைப்பது எது?" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறீர்கள். தலைப்பைப் பார்த்தால் பட்டிமன்றம் மாதிரி இருக்கிறது. இரண்டு அணியும் இல்லை, நடுவரும் இல்லை என்பதால் தீர்ப்பை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அவசர வேலை இருப்பவர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம்.

மாத்தூரில் நாலடிக்கு நாலடி ஜன்னல் வைக்கிற சாதாரண வீட்டுக்கு வெள்ளை நிற யூபிவிசி, அதாவது பிளாஸ்டிக், போதும். உள்ளே இரும்புச் சட்டம் வைத்த, கதவு போலத் திறக்கிற வகையாக அது இருக்க வேண்டும். ஹாலில் எட்டடி, பத்தடிக்குத் திறப்பு விட்டிருந்தால் அலுமினியம்தான். இரண்டில் எதை வாங்கினாலும் பத்து வருஷத்துக்குள் உங்களைப் படுத்தப்போவது சட்டம் அல்ல; திருகு, ரோலர், கீல், ரப்பர். விற்பவர்கள் சட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், திருகைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நான் இன்று பேச வந்தது திருகைப் பற்றித்தான். ஆனால் அங்கே போவதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

முதலில் நம் காற்று. ஜன்னலின் ஆயுள் என்று தனியாக ஒன்று கிடையாது. இன்ன ஊரில் இன்ன ஜன்னலின் ஆயுள் என்றுதான் உண்டு. கோயம்புத்தூரில் முப்பது வருஷம் நின்ற சரக்கு காசிமேட்டில் பத்து வருஷத்தில் பல்லிளிக்கும். இதைக் கண்டுபிடிக்க நம் மாநிலத்திலேயே ஒரு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம். மண்டபத்தில் கடற்கரையோரம் உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வருஷக்கணக்கில் காயப்போட்டு, எது எவ்வளவு தேய்கிறது என்று எடை போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். இந்தியாவின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள்.

உப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. அலை உடைகிற இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் பெரும்பகுதி விழுந்துவிடும். அதற்கு மேல் சட்டென்று குறையும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் குப்பங்கள், எண்ணூர் எல்லாம் நேரடித் தாக்குதலில் இருப்பவை. மாத்தூர் கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. "அப்படியானால் நாம் தப்பித்தோம்" என்று சொல்ல விடாமல் நமக்குக் கிழக்கே மணலி இருக்கிறது. 1969-இல் ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, 1971-இலிருந்து உர ஆலை, அதைச் சுற்றிப் பெட்ரோகெமிக்கல் ஆலைகள், வடக்கே அனல் மின் நிலையங்கள், நிலக்கரி, சாம்பல், இவை போதாதென்று இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள். கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். தூசி என்பது வெறும் அழுக்கு இல்லை. உப்பையும் ஈரத்தையும் உலோகத்தின் மேல் பிடித்து வைத்துக்கொள்ளும் போர்வை அது. ஆக, கடற்கரைக்காரர்களுக்கு உப்பு அதிகம். நமக்கு உப்பு குறைவு, புகையும் தூசியும் அதிகம்.

நடுவில் ஒரு வேடிக்கை. நாம் சண்டைக்கு விடும் இந்த இரண்டு பொருளுக்கும் தமிழ்நாட்டில் ஒரே ஊர்தான் பிறந்த வீடு: மேட்டூர். அணை மின்சாரத்தை நம்பி 1965-இல் அங்கே மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி வந்தது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் இறங்கியது. அதே மேட்டூரில், அதே பத்தாண்டில், கெம்பிளாஸ்ட் பி.வி.சி. தயாரிக்க ஆரம்பித்தது. அலுமினிய உருக்காலை 2008-இல் நின்றுவிட்டது. ஒரு கிலோ அலுமினியம் எடுக்க சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பதைச் சொன்னால் காரணத்தில் பாதி புரிந்துவிடும்.

அலுமினியத்துக்கு வருகிறேன். "அலுமினியம் துருப்பிடிக்காது" என்று கடையில் சொல்வார்கள். துரு என்றால் இரும்புக்கு வருவது, அந்தக் கணக்கில் அது சரிதான். ஆனால் அரிக்கும். காற்று பட்ட நொடியில் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிறது. அதுதான் அதன் கவசம். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். வெள்ளைத் தூள் பூத்து, துடைத்துப் பார்த்தால் ஊசிக்குத்து மாதிரிக் குழிகள் தெரியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் பயப்பட வேண்டாம். இந்தக் குழிகள் ஆரம்பத்தில் வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும். ஏறத்தாழ எட்டு மடங்கு காலம் போனால்தான் ஆழம் இரண்டு மடங்கு ஆகும் என்பது இதில் சொல்லப்படும் கணக்கு. லண்டனில் பிக்காடில்லி சர்க்கஸில் இறக்கையோடு அம்பு விடும் ஒரு சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1893-இல் அலுமினியத்தில் வார்த்தது. லண்டன் முழுக்க நிலக்கரி எரிந்த காலத்துப் புகையைக் குடித்தும் இன்றும் நிற்கிறது. மணலிப் புகை அலுமினியத்துக்கு ஒன்றும் புதிதில்லை.

ஆனால் சிலை திடமான வார்ப்பு. நம் ஜன்னல் செக்‌ஷன் ஒன்றரை மில்லிமீட்டர், சில கடைகளில் அதற்கும் குறைவு. அதனால்தான் மேல்பூச்சு முக்கியம். அனோடைசிங் என்றால் அந்த ஆக்சைடு கவசத்தையே மின்சாரம் கொடுத்துத் தடிமனாக வளர்ப்பது. கடலோரத்துக்கு 25 மைக்ரான் கேட்க வேண்டும். பவுடர் கோட்டிங் என்றால் வண்ணத் தூளைத் தெளித்து அடுப்பில் வேகவைப்பது. அது 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. நல்ல கடையில் மைக்ரான் அளக்கிற சின்ன மீட்டர் இருக்கும். வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடை.

பூச்சு நன்றாக இருந்தும் வீணாகிற இடம் ஒன்று உண்டு. தெருமுனை பேப்ரிகேஷன் கடையில் பையன் என்ன செய்கிறான் என்று நின்று பாருங்கள். முழு நீள செக்‌ஷனை மெஷினில் வைத்து அறுக்கிறான். அறுத்த முனை பளபளவென்று மின்னுகிறது. டிரில் போட்டு ஓட்டை போடுகிறான். ஓட்டையின் விளிம்பும் மின்னுகிறது. மின்னுகிறது என்றால் அங்கே பூச்சு இல்லை என்று பொருள். அந்த மூலைகளைத் திருகு போட்டு மூடிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து மழைக்காலம் போனால் பவுடர் கோட்டிங்குக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள் கிளம்பும். எல்லாம் அந்த மூலையிலிருந்தும் ஓட்டையிலிருந்தும்தான் கிளம்பும். அறுத்த முனையில் ஒரு பூச்சு பிரைமரோ, மூட்டும்போது ஒரு கோடு சீலன்டோ கொடுத்தால் முடிந்த கதை. ஐந்து நிமிஷ வேலை. சொல்லாமல் யாரும் செய்ய மாட்டார்கள்.

இன்னொன்று, சிமென்ட். ஈரச் சாந்து கடும் காரம். அலுமினியத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. பூச்சு வேலை முடிவதற்கு முன்னால் ஜன்னலை மாட்டி, சாந்து தெறித்து, மறுநாள் கரண்டியால் சுரண்டி எடுத்தால், அந்தத் தழும்பு வீடு இருக்கிற வரை இருக்கும். கொத்தனார் போன பிறகுதான் ஜன்னல்காரர் வர வேண்டும்.

இனி பிளாஸ்டிக். யூபிவிசி என்பது, மென்மையாக்கும் எண்ணெய் சேர்க்காத, கெட்டியான பி.வி.சி. ஜெர்மனியில் 1950-களின் நடுவில் ஜன்னலுக்கு வந்தது. நம் ஊரில் பரவலாகக் கண்ணில் படத் தொடங்கியது 2000-க்குப் பிறகுதான். அதனால் "ஐம்பது வருஷ கியாரண்டி சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். மாத்தூரில் ஐம்பது வருஷம் வெயிலில் நின்ற யூபிவிசி ஜன்னல் ஒன்றுகூட இருக்க முடியாது. கையில் எழுதித் தருவது என்னவோ பெரும்பாலும் பத்து வருஷத்துக்குத்தான்.

உப்பு அதை ஒன்றும் செய்யாது. அமிலப் புகையும் ஒன்றும் செய்யாது. இந்த இரண்டையும் பொறுத்தவரை அலுமினியத்தைவிட பிளாஸ்டிக் ஒரு படி மேல். இதில் வாதத்துக்கு இடமே இல்லை. பிளாஸ்டிக்கின் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் பி.வி.சி. சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழன்று போகிறது, நிறம் மஞ்சளாகிறது, நொறுங்கும் தன்மை வருகிறது. இதைத் தடுக்கத்தான் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளைக் கலக்கிறார்கள். அது கதிரை மேற்பரப்பிலேயே மடக்கிவிடும். தூள் விலை அதிகம், சுண்ணாம்புத் தூள் விலை மலிவு. மலிவு சரக்கில் எது குறைகிறது, எது கூடுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஒரு வருஷத்தில் விழுகிற வெயிலைப் போல நம் சென்னையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விழுகிறது. ஐரோப்பிய தர நிர்ணயத்திலேயே மிதமான வெயில், கடும் வெயில் என்று இரண்டு பிரிவு இருக்கிறது. கடும் வெயில் பிரிவுக்குத் தேறிய சரக்கா என்று கேளுங்கள்.

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தேக்கு மர நிறத்தில் படலம் ஒட்டிய யூபிவிசி பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 2003 மே 31 அன்று சென்னையில் வெயில் 45 டிகிரி. அப்படி ஒரு நாளில் மேற்கு பார்த்த அடர் பழுப்புச் சட்டம் 70 டிகிரியைத் தாண்டும். பி.வி.சி. இளகத் தொடங்குவது 75, 80 டிகிரிப் பக்கம். அந்த இடைவெளியை நம்பி ஜன்னல் வைக்காதீர்கள். யூபிவிசி என்றால் வெள்ளை. மர நிறம் வேண்டுமானால் அலுமினியத்தில் வாங்குங்கள்.

அந்த வெள்ளையும் நம் பகுதியில் சாம்பல் நிறமாவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். தேய்த்தால் போகாது. பழைய முறையில் பி.வி.சி.யைக் கெட்டுப்போகாமல் நிறுத்த ஈய உப்பு கலப்பார்கள். ஆலை வாடையிலும், சாக்கடைக் கால்வாய் வாடையிலும் இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு அந்த ஈயத்தோடு சேர்ந்தால் கறுப்பாகும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற ஊரில் ஈயம் கலந்த வெள்ளை ஜன்னல் வெள்ளையாக இருக்காது. கால்சியம் துத்தநாகம் கலந்த, ஈயம் இல்லாத சரக்கு கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

வெயிலில் விரிவது அடுத்த சங்கதி. ஒன்றரை மீட்டர் சட்டம் 35 டிகிரி சூடேறினால் அலுமினியம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நீளும்; பிளாஸ்டிக் நாலு மில்லிமீட்டர் வரை நீளும். சுவரில் இடம் விட்டு, அந்த இடத்தை ஃபோமும் சிலிகானும் கொண்டு நிரப்ப வேண்டும். நம் ஆட்களுக்கு இடைவெளியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, சிமென்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். மே மாதம் சட்டம் வளையும். "பிளாஸ்டிக் வளைந்துவிட்டது, சரக்கு மோசம்" என்போம்.

அடுத்து வலு. அலுமினியத்தின் விறைப்பு பி.வி.சி.யைப்போல இருபத்தைந்து மடங்குக்கு மேல். சென்னையில் கட்டடங்களுக்கு இந்தியத் தரவிதி சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடியின் மேல் 150 கிலோ அளவுக்கு அழுத்தம் விழும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அதனால்தான் யூபிவிசி சட்டத்தின் வயிற்றுக்குள் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் செருகுகிறார்கள். வெளியே தெரியாத பொருள் என்பதால் அதைத்தான் முதலில் திருடுவார்கள். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள், நாலு பக்கமும். பிளாஸ்டிக்கில் காந்தம் இழுத்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. இதைவிட எளிய பரிசோதனை எனக்குத் தெரியாது.

இப்போது திருகுக்கு வந்துவிட்டோம். யூபிவிசி சட்டத்தில் கீலை மாட்டும் திருகு பிளாஸ்டிக்கைத் துளைத்து உள்ளே இருக்கும் இரும்பைப் பிடிக்கிறது. அந்த ஓட்டை வழியே மழைத் தண்ணீர் இறங்கினால் துத்தநாகப் பூச்சு அறுபட்ட இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். வெளியே சட்டம் பளிச்சென்று இருக்கும், உள்ளே திருகு பிடிமானம் போயிருக்கும், ஒரு நாள் கதவு கையோடு வரும். பிளாஸ்டிக் ஜன்னல் சாவதும் இரும்பால்தான் என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அப்படித்தான்.

அலுமினியத்தில் கதை வேறு. சாதா இரும்புத் திருகோ, துரு ஏறிய கிரில்லோ அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்து நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால், இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலமாக வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம். நம் வீடுகளில் கிரில் இல்லாத ஜன்னல் கிடையாது. கிரில்லை ஜன்னல் சட்டத்தில் திருகாதீர்கள், சுவரில் பதியுங்கள். திருகுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மாத்தூருக்கு 304 ரகம் போதும், கடற்கரை ரோட்டுக்கு 316. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியத்தோடு கொஞ்சம் மல்லுக்கு நிற்கும்தான். திருகு சின்னது, சட்டம் பெரியது என்பதால் பெரிய சேதம் வராது. நடுவில் ஒரு நைலான் வாஷர் போட்டால் அந்தக் கவலையும் இல்லை.

ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் டிராக்கை வீட்டுக்குப் போனதும் விரலால் தடவிப் பாருங்கள். மணலும் நிலக்கரிப் பொடியும் சேர்ந்த ஒரு கறுப்புச் சேறு ஒட்டும். ரோலரின் பேரிங் அதில்தான் ஓடுகிறது. டிராக்கின் ஓரத்தில் தண்ணீர் வெளியேறச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்க வேண்டும். பல வீடுகளில் அதையும் சேர்த்து சிலிகான் அடித்து மூடியிருப்பார்கள், "தண்ணி உள்ளே வராம இருக்கட்டும்" என்று. தண்ணீர் உள்ளேயே நிற்கிறது, ஐப்பசியிலிருந்து மார்கழி வரை. ஒரு தீக்குச்சியை விட்டுக் குத்தினால் அந்த ஓட்டைகள் திறந்துகொள்ளும்.

கதவு போலத் திறக்கிற வகை வேண்டும் என்று முதலிலேயே சொன்னதற்கு ரோலர் மட்டும் காரணம் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இந்தப் பகுதியில் ஜன்னலுக்கு வெளிச்சம், காற்று தவிர மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது: தேவைப்படும்போது இறுக மூடிக்கொள்வது. ஸ்லைடிங்கில் இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று உரசிப் போக வேண்டும் என்பதால் நடுவில் பிரஷ் முடிதான் இருக்கும். காற்றுக்கு அது பெரிய தடை இல்லை. திறக்கிற கதவில் சுற்றிலும் ரப்பர் அமுங்கும். அந்த ரப்பர் இ.பி.டி.எம். ரகமாக இருந்தால் பல வருஷம் தாங்கும். சாதா ரப்பர் நம் வெயிலில் சீக்கிரமே காய்ந்து சுருங்கிவிடும். மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. மாற்ற வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்வதுதான் கஷ்டம்.

அடுத்து, கழுவுவது பற்றி. மழை படுகிற ஜன்னல்தான் கெட்டுப்போகும் என்று நினைக்கிறோம். அலுமினியத்தில் பெரும்பாலும் நேர்மாறு. மழை உப்பைக் கழுவிவிடுகிறது. சன்ஷேடுக்கு அடியில் மழையே படாத மேல் மூலையில்தான் உப்பும் தூசியும் படிந்து, இரவு ஈரத்தில் ஊறி, வெள்ளைப் பூ பூக்கும். தை முதல் வைகாசி வரை நமக்குப் பெரிதாக மழை கிடையாது. அந்த மாதங்களில் மாதம் ஒரு முறை, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் அந்த மேல் மூலையைத் துடைத்தால் போதும். ஆசிட் வேண்டாம், ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம்.

கடைசியாக, ஆயுள் முடிந்த பிறகு. அலுமினியச் சட்டத்தைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துப்போவார். மறுபடி உருக்குவதற்குப் புதிதாக எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். வாடகைக்கு விட வீடு கட்டுபவர்களுக்கு இது ஒரு கணக்கு, அலுமினியத்தின் பக்கம் தராசு கொஞ்சம் சாயும். யூபிவிசியையும் அரைத்துத் திரும்பச் சட்டமாக்கலாம். ஜெர்மனியில் அதற்கென்றே 2002 முதல் ஓர் அமைப்பு இயங்குகிறது. நம் தெருவுக்கு அப்படி யாரும் வருவதில்லை. கழற்றிய சட்டம் குப்பை லாரி ஏறிக் கொடுங்கையூருக்குப் போகிறது, அல்லது காலி மனையில் எரிகிறது. பி.வி.சி. எரிந்தால் வருவது அமிலப் புகை, கூடவே டையாக்சின். தயவுசெய்து எரிக்காதீர்கள், எரிக்க விடாதீர்கள். புது யூபிவிசி ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள், கழற்றிய பழைய சட்டத்தையும் அறுத்த துண்டுகளையும் விற்பவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பில்லிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஒருவர் கேட்டால் மாட்டேன் என்பார். ஒரு தெருவே சேர்ந்து கேட்டால் எழுதித் தருவார்.